இணையவழியில் உயர்தர ஐரோப்பிய வரலாறு: ஆசிரியரின் எதிர்பார்ப்புகளில் எது நியாயம்?

கேள்வி
பதிந்தவர்: தரம் 12 மாணவி, பொகவந்தலாவை

அனைவருக்கும் வணக்கம். நான் இவ்வருடம் உயர்தரக் கலைப்பிரிவில் சேர்ந்து, வரலாற்றை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். எங்கள் பாடசாலையில் இலங்கை வரலாற்றுக்கு ஆசிரியை இருக்கிறார். ஐரோப்பிய வரலாற்றைப் பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லாதபடியால், வேறு மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர் சூம் வழியாக நடத்தும் வகுப்பில் நானும் என் தோழிகள் சிலரும் சேர்ந்துள்ளோம்.

முதல் வகுப்புக்கு முன்னரே அவர் தமது எதிர்பார்ப்புகளை எழுதி அனுப்பியிருந்தார். ஒவ்வோர் அலகையும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். வாரம் ஒரு கட்டுரையைக் கையால் எழுதி, படமெடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வகுப்பு முடியும்வரை கமரா திறந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வெற்று வரைபடங்களை நிரப்பிப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே, குறிப்பு எதையும் தாம் சொல்லி எழுதவைக்கப் போவதில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடைசி வசனந்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சாதாரண தரம் வரை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பை மனனம் செய்தே நாங்கள் சித்தியடைந்தோம்.

வீட்டில் அப்பாவின் தொலைபேசி ஒன்றுதான் இருக்கிறது, அதில் தம்பிக்கும் வகுப்பு உண்டு. நாங்கள் இருக்கும் தோட்ட லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சிக்னல் நிலைக்காது. மேட்டுப் பாதையில் கோயிலடிக்குப் போனால் கிடைக்கும், ஆனால் மழை பிடித்தால் அங்கே நிற்க முடியாது. கமராவைத் திறந்தால் டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

உயர்தர வகுப்பொன்றில் இவையெல்லாம் வழக்கமான எதிர்பார்ப்புகள்தானா, எதில் விலக்குக் கேட்கலாம், நாங்கள் ஆசிரியரிடமிருந்து எதை எதிர்பார்ப்பது முறை என்று அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.


பதில் 1
பதிந்தவர்: இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியை, பண்டாரவளை

வணக்கம் தங்கச்சி. பள்ளிக்கூடங்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்ட காலத்தில் அவசரத்துக்குத் தொடங்கிய இந்த முறை, ஆசிரியர் இல்லாத பாடங்களுக்கு நம் மலையகத்தில் இன்றும் தேவைப்படுகிறது. அதே வகையான வகுப்பை நடத்துகிறவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

கமராவில் விலக்குக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மாணவர் இருக்கிறாரா, தூங்குகிறாரா என்று பார்ப்பதற்குத்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் கமராவைக் கேட்கிறார்கள். அதே நோக்கத்தைக் குரலும் எழுத்தும் நிறைவேற்றும். பெயர் சொல்லிக் கேட்கும்போது ஒலிவாங்கியைத் திறந்து பதில் சொல்லுங்கள். சிக்னல் குரலைத் தாங்காவிட்டால் ஒரே வசனத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். நேரடி வகுப்பைத் தவறவிட்டால், பதிவை இரவில் நகரத்திலுள்ள உறவினர் யாராவது தரவிறக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டா என்றும், பதிவு இல்லாவிட்டால் ஒலி மட்டும் கொண்ட சிறிய கோப்பை அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். மேற்குச் சரிவில் ஆனி, ஆடி மழையில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், எங்கள் ஊவாப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அதே கதை நடப்பதும் வெளி மாவட்டத்து ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. முதல் வாரத்திலேயே நீங்கள் எழுதித் தெரிவித்துவிட்டால், பிறகு வராமலிருந்த நாளுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஆனால் கட்டுரையில் விலக்குக் கேட்காதீர்கள். இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்த மாணவி என்ன விளங்கிக்கொண்டாள் என்பது திரையில் தெரியாது. அவள் எழுதிய பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் ஆசிரியரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இதிலேயே அடங்கியிருக்கிறது: அனுப்பிய கட்டுரை, அடுத்த கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன் திருத்தப்பட்டுத் திரும்பி வர வேண்டும். புள்ளி மட்டும் இட்டு அனுப்பினால் போதாது. எந்தப் பந்தியில் வாதம் விலகிப் போகிறது, எந்தக் கூற்றுக்குச் சான்று இல்லை என்று குறித்திருக்க வேண்டும். அப்படித் திருத்திக் கொடுக்காத ஆசிரியர் வாரம் ஒரு கட்டுரை கேட்பது நியாயமில்லை.


பதில் 2
பதிந்தவர்: மாணவி ஒருவரின் தந்தை, தலவாக்கலை

ஆசிரியை அவர்களின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் குறிப்புக் கொடுக்கமாட்டேன் என்பதை மாத்திரம் என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பிலோ கண்டியிலோ படிக்கும் பிள்ளைக்கு நூலகம் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வீட்டில் ஆங்கில நூலை வாசித்துச் சொல்ல ஆளும் இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்குக் கையில் இருப்பது அந்தக் குறிப்புக் கொப்பி ஒன்றுதான். அதையும் கொடுக்காமல் சுயமாக வாசித்துவிட்டு வா என்றால், எதை வாசிப்பது? வகுப்புக் கட்டணத்தைக் கொழுந்து பறித்த காசில் கட்டும் பெற்றோர் இதைக் கேட்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.


பதில் 3
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கண்டி

மகள், உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், மேலே எழுதிய தந்தையின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறேன். வாசிக்கச் சொல்லும் ஆசிரியர், எதை, எத்தனை பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். இவற்றில் உரிய பக்கங்களைப் படமெடுத்து வகுப்புக்கு முன் அனுப்பிவைப்பது ஆசிரியரின் கடமை. அதற்குமேல், தாமே ஒரு குறிப்பை உருவாக்கிச் சொல்லி எழுதவைக்கமாட்டேன் என்று அவர் சொன்னால், அவர் பக்கம் நிற்கவே நான் விரும்புகிறேன். ஏனென்று ஓர் உதாரணத்தின் மூலம் காட்டுகிறேன்.

பிரான்சியப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கொப்பியில் அது வழக்கமாக இப்படி இருக்கும்: அரசியற் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், சமூகக் காரணங்கள், தத்துவஞானிகளின் செல்வாக்கு. நான்கு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள். ஆனால் "நிதி நெருக்கடியே புரட்சிக்குப் பிரதான காரணம் என்பதை எந்த அளவுக்கு ஏற்கலாம்?" என்று வினா வந்தால், அந்த நான்கு தலைப்பையும் வரிசையாக ஒப்புவித்த மாணவர், கேட்ட கேள்வியைத் தொடாமலேயே மூன்று பக்கத்தை நிரப்பியிருப்பார்.

வாதம் எப்படி நகர வேண்டும் என்று பாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1778 முதல் பிரித்தானியாவுக்கு எதிராக இறங்கிய பிரான்ஸ் பெருங்கடன் பட்டது. 1788 அளவில் அரச செலவில் ஏறத்தாழப் பாதி கடனைச் சமாளிக்கவே போனது. இங்கே நிறுத்திவிட்டால் நிதி நெருக்கடியே காரணம் என்று தோன்றும். ஆனால் அக்காலத்தில் பிரித்தானியாவுக்கும் மிகப் பெரிய கடன் இருந்தது, அது கவிழவில்லை. பாராளுமன்றம் வரிக்கு ஒப்புதல் கொடுத்தது, கடன் கொடுத்தோருக்கு நம்பிக்கை இருந்தது, ஆகவே குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. பிரான்சில் நிலமும் செல்வமும் உடைய குருமாரும் பிரபுக்களும் முக்கிய வரிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். தர்கோ தொடக்கம் கலோன் வரை சீர்திருத்த முயன்ற அமைச்சர்கள் அந்தச் சலுகைச் சுவரில் மோதியே பதவி இழந்தனர். 1787 இல் கலோன் கூட்டிய முக்கியஸ்தர் சபை அவருடைய நிலவரித் திட்டத்துக்கு இணங்கவில்லை. எனவே கடனைத் தீர்க்க முடியாமற் செய்தது பிரான்சின் சமூக அமைப்பு என்ற இடத்துக்கு உங்கள் வாதம் வந்து சேர்கிறது. நிதியும் சமூகமும் இரண்டு தனித் தலைப்புகளாக நிற்பதில்லை, ஒன்று மற்றொன்றை விளக்குகிறது.

பிறகு இன்னொரு படி. நெருக்கடி ஏன் 1789 இல் புரட்சியாக வெடித்தது? 1788 இல் விளைச்சல் பொய்த்தது, அடுத்த ஆண்டு ஜூலையில் பாரிசில் பாணின் விலை உச்சத்துக்குப் போனது. மே 5 ஆம் திகதி வெர்சாயில் கூடிய பொதுச்சபையில், குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களாகிய மூன்றாம் பிரிவாருக்கு மற்றைய பிரிவொன்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பிரதிநிதிகள் இருந்தும், வாக்கைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா பிரிவுக்கு ஒன்றாக எண்ணுவதா என்ற தகராறு தீரவில்லை. ஜூன் 17 இல் அவர்கள் தம்மைத் தேசிய சபை என்று அறிவித்தார்கள், ஜூன் 20 இல் டெனிஸ் மைதானச் சத்தியம், ஜூலை 14 இல் பஸ்தில் சிறைக்கோட்டையின் வீழ்ச்சி. நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம், தூண்டிய சம்பவம் என்று மூன்றையும் பிரித்தறிந்து எழுதும் மாணவருக்குப் பரீட்சகர் புள்ளி கொடுக்கத் தயங்கமாட்டார். இந்தப் பிரித்தறிவைச் சொல்லி எழுதவைத்த குறிப்பிலிருந்து பெற முடியாது. தவறாக எழுதி, திருத்தம் வாங்கி, மீண்டும் எழுதித்தான் பெற வேண்டும். உங்கள் ஆசிரியர் வாரம் ஒரு கட்டுரை கேட்பதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அலகு முழுவதையும் விளங்கிக்கொண்டு வர வேண்டும் என்று எந்த நல்ல ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. யார், எங்கே, எப்போது என்பது ஓரளவு தெரிந்திருந்தால், சிக்னல் நிற்கும் சொற்ப நேரத்தை "ஏன்" என்ற கேள்விக்குச் செலவிடலாம். பெயர்களை முதன்முறையாக வகுப்பிலேயே கேட்பவர், மெட்டர்னிக் ஒஸ்திரியரா பிரசியரா என்று யோசித்து முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும்.


பதில் 4
பதிந்தவர்: கலைப்பீட மாணவர், பேராதனை (சொந்த ஊர் மஸ்கெலியா)

தங்கச்சி, இதே பகுதியை நானும் பெரும்பாலும் இணையவழியிலேயே படித்தேன். ஐயா அவர்கள் சொன்னதற்கு மேலதிகமாக, தோட்டத்திலிருந்து படிப்பவர் என்ற முறையில் சில நடைமுறை விடயங்களைச் சொல்லலாம்.

நீங்கள் சிலர் சேர்ந்து படிப்பது பெரிய வசதி. ஒருவர் நேரடி வகுப்பில் இருக்கட்டும், ஒருவர் அலகைச் சுருக்கி எழுதட்டும், பிறகு ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்துங்கள். தொலைபேசி தம்பிக்குத் தேவைப்படும் நாளில் தோழியின் வீட்டிலிருந்து கேட்கலாம். கட்டுரையை ஒன்றாக உட்கார்ந்து எழுதாதீர்கள். வாசிப்பது கூட்டாக இருக்கலாம், எழுதுவது தனியாகவே இருக்க வேண்டும். இரண்டு கட்டுரையில் ஒரே வசனம் வந்தால் ஆசிரியர் உடனே கண்டுபிடிப்பார், அதைவிட முக்கியமாக, பரீட்சை மண்டபத்தில் தோழி பக்கத்தில் இருக்கமாட்டார்.

கையால் எழுதச் சொல்வதைப் பலர் பழைய முறை என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உயர்தரப் பரீட்சை இன்றும் பேனையால் எழுதும் பரீட்சைதான். தொடக்கத்தில் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் நூலைத் திறந்துவைத்தே எழுதுங்கள். இரண்டாம் தவணையிலிருந்து நூலை மூடிவிட்டு, கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். படமெடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், பக்க இலக்கமிட்டு, நேராக எடுங்கள். இரவில் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தை வாசிக்க முடியாமல் திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் வீணாகிறது.

ஆங்கில நூலைப் பற்றிய பயம் வேண்டாம். தமிழில் உள்ளதை ஒழுங்காக வாசித்தவர்கள் நல்ல சித்தி பெற்றிருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் தானாக மொழிபெயர்க்கப்பட்ட பக்கங்களை நம்பாதீர்கள். அவற்றில் பெயர்களும் ஆண்டுகளும் புரண்டு கிடக்கும்.

இன்னொன்று. "ஐரோப்பிய வரலாறு நமக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள். பிரெஞ்சுப் படைகள் 1795 இல் ஒல்லாந்தைக் கைப்பற்றியபோது இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்தின் ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தரின் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும்படி கியூ மாளிகையிலிருந்து கடிதம் எழுதினார். அவ்வாண்டே திருகோணமலையும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின. 1802 அமியன்ஸ் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் அவர்களுக்கே உறுதியானது. கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 இல், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போர் அதே ஆண்டு ஜூன் 18 இல். நம் முன்னோர் இந்த மலைக்குக் கோப்பி பறிக்க வந்து சேர்ந்த கதையின் முதல் அத்தியாயம் பாரிசிலும் ஹேக்கிலும் நடந்த சம்பவங்களோடு பிணைந்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
பதிந்தவர்: தரம் 12 மாணவி, பொகவந்தலாவை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கமரா பற்றி ஆசிரியருக்கு எழுதினோம். குரல் போதும் என்று சம்மதித்துவிட்டார். வாசிக்க வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே அனுப்பவும் ஒப்புக்கொண்டார்.

ஐயாவிடம் மேலும் இரண்டு சந்தேகங்கள். முதலாவது, 1848 புரட்சிகளைப் பற்றி எழுதும்போது அதே ஆண்டு மாத்தளையில் நடந்த கிளர்ச்சியையும் சேர்த்து எழுதலாமா? அண்ணா எழுதியதை வாசித்த பின் இந்த எண்ணம் வந்தது. இரண்டாவது, வெற்று வரைபடத்தை நிரப்பச் சொல்வதன் நோக்கம் எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. வினாத்தாளில் ஐரோப்பிய வரைபடம் வராவிட்டால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குச் செலவிடலாமே?


பதில் 5
பதிந்தவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கண்டி

மகள், உங்கள் முதற் சந்தேகம் நல்ல சந்தேகம். ஒரே ஆண்டில் நடந்தவை என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. பாரிசில் 1848 பெப்ரவரியில் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் முடிதுறந்தார், மார்ச்சில் வியன்னாவிலிருந்து ஒஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் ஓடினார். மாத்தளைக் கிளர்ச்சி ஜூலையில் நடந்தது. அதன் வேர் பாரிசில் இல்லை. பிரித்தானியாவில் 1847 இல் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியால் கோப்பி விலை விழுந்தது, குடியேற்ற அரசின் வருமானம் சுருங்கியது, ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, வீதி வேலைக்கு உடலுழைப்பையும் கட்டாயமாக்கினார். மக்கள் கொதித்தது அதற்காக. ஐரோப்பியப் புரட்சிகளுக்குப் பின்னாலும் 1846, 47 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் வர்த்தக நெருக்கடியும் இருந்தன என்பதால், இரண்டையும் தொடுக்கும் இழை பொருளாதாரத்தில்தான் இருக்கிறது. இதை ஆசிரியருக்கு எழுதும் பயிற்சிக் கட்டுரையில் தாராளமாக வாதிட்டுப் பாருங்கள். பரீட்சையில் ஐரோப்பாவைப் பற்றிக் கேட்ட வினாவுக்கு மாத்தளையை எழுதினால் அந்தப் பந்திக்குப் புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஜேர்மனியை ஒன்றிணைக்க முயன்ற பிராங்போட் சபை ஏன் தோற்றது, அது கொடுத்த முடியைப் பிரசிய மன்னர் 1849 இல் ஏன் மறுத்தார், ஹங்கேரியை அடக்க ரஷ்யப் படை ஏன் வந்தது என்பவற்றுக்கே இடம் போதாது.

வரைபடத்தைக் கைவிடாதீர்கள். வினாத்தாளில் வருமோ வராதோ, ஜேர்மனி, இத்தாலி ஒருங்கிணைப்பைப் படம் இல்லாமல் விளங்கிக்கொள்வது மிகவும் கடினம். 1815 வியன்னா மாநாட்டுக்குப் பிந்திய வரைபடத்தில் லொம்பார்டியும் வெனிசியாவும் ஒஸ்திரியாவின் கையில் இருப்பதை உங்கள் பென்சிலால் நிறந்தீட்டிய பிறகே, இத்தாலியை ஒருங்கிணைக்க முயன்ற பீட்மன்ட் பிரதமர் கவூர் ஏன் பிரான்சின் உதவியைத் தேடிப் போனார் என்பது விளங்கும். பிரசியாவின் நிலம் கிழக்கே ஒரு துண்டாகவும் ரைன் நதிப் பக்கம் இன்னொரு துண்டாகவும் பிரிந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு, ஒஸ்திரியாவுடனான 1866 போரின் முடிவில் பிரசியப் பிரதமர் பிஸ்மார்க், இரு துண்டுக்கும் இடையில் கிடந்த ஹனோவரை ஏன் விழுங்கினார் என்று தனியாக மனனம் செய்யத் தேவையில்லை.

ஒவ்வோர் ஆண்டுக்கும் வரைய வேண்டாம். 1815 உம் 1871 உம் போதும். அவற்றுக்கு இடையில் 1859, 1860, 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் எந்தப் பகுதி யாரிடம் கை மாறியது என்பதை 1871 படத்தின் மீதே சிறிய இலக்கங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படத்தை அச்சிட வசதியில்லை என்றால், பாடசாலை நூலகத்திலுள்ள தேசப்படத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து எல்லைகளைப் பிரதியெடுக்கலாம். இன்றைய எல்லைகள் அக்காலத்தவை அல்ல என்பதால், கரையோரத்தையும் ஆறுகளையும் அல்ப்ஸ் மலையையும் மாத்திரம் எடுங்கள், அரச எல்லைகளைப் பாடநூலைப் பார்த்து நீங்களே போடுங்கள். முதற் படத்தை முடித்ததும் அடுத்த கட்டுரையோடு சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள்.